கறுப்புக் காருக்கு மெசினால பொலிஷ் போட எந்தப் பேட்? டிஏயும் ரோட்டரியும் கையில இருக்கு

உப்புவெளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். 2013 டொயோட்டா அக்ஸியோ, கறுப்பு. கட் அன்ட் பொலிஷை (கீறலை வெட்டி எடுத்துப் பளபளப்பாக்கிறதை) வீட்டிலேயே ரெண்டு நாள் எடுத்து ஆறுதலாச் செய்யப் போறன். மெசின் இருக்கு, கொம்பவுண்டும் இருக்கு. பேட்டிலதான் குழப்பம்.

பெயின்ற் மீற்றரால அளந்தது இது: பொனட் 105 முதல் 112 மைக்ரோன், கூரை 98 முதல் 104, நாலு கதவும் 100க்கும் 115க்கும் இடையில. இடப்பக்கப் பின் மட்காட் மட்டும் 240க்கு மேல காட்டுது, அது பிறகு அடிச்ச பெயின்ற்.

பழுதுகள்: முழுக் காரிலயும் கழுவுற துணியால வந்த சிலந்திவலைக் கீறல். பொனட்டிலயும் கூரையிலயும் கிணத்துத் தண்ணி காய்ஞ்ச வெள்ளை வட்டங்கள். கதவுப் பிடிகளுக்குப் பின்னால நகக்கீறல். வலப்பக்க முன் கதவில ஒரு நீளக் கீறல், நகத்தை ஓட்டினா தடக்குது.

மெசின்: 15 மி.மீ. த்ரோ (ஆடுற தூரம்) உள்ள டிஏ (ஆடிக்கொண்டே சுத்துற மெசின்), 5 இஞ்சி பிளேட் (பேட் ஒட்டுற தட்டு). அதோட 1200 வோட்ஸ் ரோட்டரி (ஆடாம ஒரே அச்சில சுத்துறது) ஒண்டு, 600 முதல் 3000 ஆர்பிஎம், எம் 14 நூல், 7 இஞ்சி பிளேட்.

பேட்: பேர் இல்லாத 6 இஞ்சி ஸ்பொஞ்ச் செட் ஒண்டு, நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு. 7 இஞ்சி வூல் ஒண்டு. மருந்து, அதாவது கொம்பவுண்ட், மெகுவையர்ஸ் எம் 105உம் (கடுமையா வெட்டுறது) எம் 205உம் (மென்மையான பினிஷிங்).

கேள்விகள்: நிறத்தை வச்சு எது கட்டிங், எது பினிஷிங் எண்டு நம்பலாமா? வூல் தேவையா? முழுக் காருக்கும் எத்தினை பேட் வேணும்? வேலை செய்யிற இடம் தகரக் கூரை போட்ட போர்ட்டிகோ, ரெண்டு பக்கமும் திறந்தது. இப்ப கச்சான் வேற அடிக்குது. தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ.

கிண்ணியாப் பட்டறை

தம்பி, முதல்ல நிறத்தை மறந்துடுங்க. பேட் நிறத்துக்கு எல்லாருக்கும் பொதுவான சட்டம் இல்ல, ஒவ்வொரு கம்பனியும் தனக்கு விரும்பின நிறத்தைப் போடுறாங்க. ரூபெஸ்ல நீலம்தான் ஆகக் கரடு. திரீஎம்ல நீலம் ஆக மென்மையான கடைசிப் பேட். லேக் கன்ட்ரில மஞ்சள் எண்டா கட்டிங். மெகுவையர்ஸ்ல மஞ்சள் நடுத்தரப் பொலிஷிங். ரூபெஸ்ல அதே மஞ்சள் பைன். பேரே இல்லாத செட்டில நிறத்தை நம்பி கறுப்புக் காரில கை வைக்காதீங்க.

பேட்டைக் கையாலதான் தெரிஞ்சுகொள்ளணும். நாலையும் மேசையில வரிசையா வச்சு, பெருவிரலால ஒரே அளவு பலத்தில அமத்திப் பாருங்க. விரலை எதிர்த்துத் தள்ளி, விட்ட உடன எழும்புறது கட்டிங். கொஞ்சம் இறங்கிட்டு எழும்புறது பொலிஷிங். விரல் அடிவரைக்கும் புதைஞ்சு ஆறுதலா எழும்புறது பினிஷிங். அடுத்து முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் மெதுவாத் தேய்ச்சுப் பாருங்க, சுரண்டுற மாதிரித் தெரிஞ்சா அது உங்க காருக்கு முதல் பேட் இல்ல. கடைசியா ஓரத்தை மடக்கி வெல்குரோவும் ஸ்பொஞ்சும் ஒட்டின கோட்டைப் பாருங்க. பேர் இல்லாத பேட் பழுதாகுறது அந்தக் கோட்டிலதான். சூடு ஏறினதும் பசை இளகி, பேட் கழண்டு பறக்கும், சுத்திக்கொண்டிருக்கிற வெறும் பிளேட் பெயின்ற்றில இறங்கும். மடக்கும்போதே வெள்ளைப் பசை நூல் மாதிரி இழுபட்டா அந்தப் பேட்டைக் காரில வைக்காதீங்க.

தடிப்பையும் அளந்து பாருங்க. 15 மி.மீ. த்ரோ மெசினுக்கு 25 மி.மீ.க்கு மேல போகாத பேட்தான் நல்லம். தடிச்ச ஸ்பொஞ்ச் எண்டா மெசின் அசைவை ஸ்பொஞ்சே விழுங்கிடும். மேல பிளேட் ஆடும், கீழ முகம் அப்படியே நிக்கும். சத்தம் வரும், வேலை நடக்காது. ரோட்டரிக்கு இது மறுதலை, 30 மி.மீ. தடிப்பு இருந்தா வளைவில கொஞ்சம் மன்னிக்கும்.

5 இஞ்சி பிளேட்டுக்கு ஐந்தரை இஞ்சி பேட் எடுங்க, 6 இஞ்சி கடைசி எல்லை. பிளேட்டும் பேட்டும் ஒரே அளவா இருக்கவே கூடாது. மூலையில திரும்பும்போது பிளேட் விளிம்பு பெயின்ற்றில அடிக்கும்.

இப்ப உங்க பெயின்ற். 105 மைக்ரோன் எண்டா எவ்வளவு தெரியுமா? ஒரு போட்டோகொப்பித் தாளின் தடிப்பு. அதுக்குள்ளதான் பிரைமர், நிறம், அதுக்கு மேல நிறமில்லாத கிளியர் கோட் மூண்டும். கிளியர் கோட் மட்டும் அண்ணளவா 40 மைக்ரோன் வரும். கட்டிங் பேட்டும் எம் 105உம் சேர்ந்து ஒரு முழுச் சுற்றுக்கு ஒண்டு முதல் மூண்டு மைக்ரோன் எடுக்கும். காரின் ஆயுளுக்கே எடுக்கக்கூடியது 8 மைக்ரோனுக்குள்ள எண்டு கணக்கு வச்சுக்கொள்ளுங்க. கூரை 98 காட்டுது எண்டா முதல் கவனம் கூரைக்கு. வெயில் ஆக அதிகம் தின்ன இடமும் அதுதான்.

ஜப்பான் கார்களில, அதிலயும் கறுப்பில, கிளியர் கோட் பொதுவா மென்மை. மென்மையான பெயின்ற்றில கீறல் சுகமாப் போகும், அதே சுகத்தில புதுக் கீறலும் விழும். அதால மைக்ரோஃபைபர் கட்டிங் பேட்டும் வேணாம், வூலும் வேணாம். நடுத்தரப் பொலிஷிங் ஸ்பொஞ்சும் எம் 205உம் வச்சுத் தொடங்குங்க.

முழுக் காரில இறங்க முதல் ஒரு சோதனைக் கட்டம். பொனட்டில 50க்கு 50 சென்ரிமீற்றர் அளவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. புதுப் பேட்டின் முகம் முழுக்க மருந்தை விரலால மெல்லிசாத் தடவி ஊட்டுங்க, ஒரு துளையும் வறண்டு இருக்கக் கூடாது. அதுக்கு மேல பயத்தங்காய் விதை அளவில நாலு பொட்டு. அடுத்த கட்டத்திலிருந்து ரெண்டு மூண்டு பொட்டுப் போதும். மெசினை ஓடவிடாம முதல்ல பேட்டைப் பெயின்ற்றில தொட்டு நாலு இடத்தில ஒத்துங்க, பிறகு 1ஆம் நம்பரில பரப்புங்க, அதுக்குப் பிறகுதான் நாலரை, ஐந்து. கை போற வேகம் செக்கனுக்கு ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர். ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டில பாதியை மூடணும். மேலிருந்து கீழ ஒரு தரம், இடமிருந்து வலம் ஒரு தரம், இது ஒரு சுற்று. அப்படி ரெண்டு மூண்டு சுற்று. அமத்துறது அஞ்சு கிலோ அளவில. எவ்வளவு எண்டு கைக்குத் தெரிய, பேட்டோட மெசினைக் குளியலறைத் தராசில வச்சு ஒருக்கா அமத்திப் பாருங்க.

ஒரு சின்ன வேலை: பிளேட்டின் முதுகு விளிம்பில மார்க்கரால ஒரு கறுப்புக் கோடு போடுங்க. டிஏயில பேட் தன் பாட்டில சுத்தணும். கோடு சுத்துறது தெரிஞ்சா வேலை நடக்குது. கோடு ஒரே இடத்தில நடுங்கிக்கொண்டு நிண்டா பேட் சுத்தாம நிண்டுட்டுது: அமத்தினது கூட, அல்லது மெசின் சரிஞ்சிருக்கு, அல்லது வளைவு. வளைவு எண்டா 3 இஞ்சி பேட்தான் வழி. கதவுப் பிடிக்குப் பின்னால உள்ள குழிக்கு 3 இஞ்சியும் பெருசு, அதைக் கையாலதான் தேய்க்கணும்.

துடைச்சதும் பார்த்துச் சந்தோசப்படாதீங்க. மருந்து எண்ணெய் கீறலுக்குள்ள இறங்கி மறைச்சு நிக்கும். 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு பங்குக்குத் தண்ணி மூண்டு பங்கு கலந்து விசிறித் துடைங்க. அதுக்குமேல கடும் கலவை மென்மையான பெயின்ற்றுக்குக் கூடாது. பிறகு ரோச் லைட்டைச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. கீறல் மிச்சம் எண்டா முதல்ல பேட்டை மாத்துங்க, மருந்தை மாத்தாதீங்க. எம் 205ஓட ஒரு படி கடினமான பேட். அதுக்கும் போகாட்டித்தான் எம் 105.

அலஸ்தோட்டம் டிங்கரிங்

நானா சொன்னதில ஒண்டைத் தவிர எல்லாத்தையும் ஒத்துக்கொள்றன். வூல் வேணாம் எண்டது கம்பனிப் பெயின்ற்றுக்குச் சரி, அந்தப் பின் மட்காட்டுக்குச் சரியில்லை. 240 மைக்ரோன் எண்டா அது வேற பெயின்ற், வேற கடினம். காரைச் சுத்தி ஒரே பேட்டால போறது அங்கதான் பிழைக்கும்.

முதல்ல அது என்ன பெயின்ற் எண்டு பாருங்கோ. மட்காட்டின் உள் விளிம்பில, வெளியில தெரியாத இடத்தில, வெள்ளைத் துணியில தின்னர் தொட்டு பத்துத் தரம் தேய்க்கிறது. துணியில கறுப்பு ஏறி, தேய்ச்ச இடம் பிசுபிசுத்தா என்சி (நைட்ரோசெலுலோஸ் பெயின்ற்). ஒண்டும் நடக்காட்டி டூகே (ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்ற்). என்சி எண்டா ரோட்டரியைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், சூட்டில இளகிப் பேட்டோட வந்திடும். டிஏ, மெத்தைப் பேட், குறைஞ்ச வேகம், அவ்வளவுதான். டூகே எண்டா நல்ல கடினமா இறுகி இருக்கும், நடுத்தர ஸ்பொஞ்ச் அதில வழுக்கிக்கொண்டு போகும். அதுக்கு வூல்தான்.

வூல் எண்டதும் எல்லாரும் பயப்பிடினம். உண்மையில வூல் ஸ்பொஞ்சை விடக் குளிரா ஓடும், நூலுக்கு இடையால காத்துப் போகும். கெடுக்கிறது வேகம்தான். கணக்கைப் பாருங்கோ: 7 இஞ்சி பேட், அதாவது 180 மி.மீ., 3000 ஆர்பிஎம்மில ஓடினா அதின் விளிம்பு செக்கனுக்கு 28 மீற்றர் போகுது. 6 இஞ்சி பேட் 1200இல ஓடினா 9 மீற்றர். மூண்டில ஒண்டு. உங்கட ரோட்டரிக்கு 5 இஞ்சி பிளேட் ஒண்டும் 6 இஞ்சி வூலும் எடுங்கோ, எம் 14 நூல் எண்டு சொல்லிக் கேளுங்கோ. அமெரிக்க அளவுப் பிளேட் எட்டில அஞ்சு இஞ்சி நூல், எம் 14 தண்டுக்குப் பொருந்தாது, அதை மாட்ட வேண்டாம்.

600இல பரப்பி, 1000 முதல் 1200க்குள்ள வேலை. 1500 மேல் எல்லை. மெசின்ர பாரமே போதும், அமத்தத் தேவையில்லை. ஒரு இடத்தில நிக்கவே கூடாது. விளிம்புக்கு வரேக்குள்ள பேட் விளிம்பில இருந்து வெளிய ஓடுற பக்கத்தால வைக்கோணும். உள்ள ஏறுற பக்கத்தால வச்சா ஒரே தடவையில விளிம்புப் பெயின்ற் போய் பிரைமர் தெரியும். வரிசைக்கோடு, விளிம்பு, பம்பரின்ர முனை எல்லாத்திலயும் பெயின்ற் மெல்லிசாத்தான் படிஞ்சிருக்கும். அங்கயெல்லாம் டேப் ஒட்டி, கடைசியில டேப்பைக் கழட்டிக் கையால ஒரு தேய். பம்பர் பிளாஸ்ரிக், தகரம் மாதிரிச் சூட்டைப் பரப்பாது. ஒரே இடத்தில சூடு தங்கும், அதால பம்பருக்கு ரோட்டரி வேண்டாம்.

புது வூல் தும்பு கொட்டும். மெசினை 1000இல விட்டு, ஸ்பர் சில்லால (பேட் வாருற பல்லுச் சில்லு) முகத்தை ஒருக்கா வாரினால் கழண்ட தும்பு போயிடும். வேலைக்கு நடுவில நூல் மருந்தில ஒட்டிக் கட்டியானாலும் அதாலதான் வாரிறது. ஸ்க்ரூ ட்ரைவரால சுரண்டுறதை நிறையப் பட்டறையில காணலாம், அது நூலை அடியோட அறுக்கும், பிறகு அந்த இடம் மொட்டையா நிண்டு தட்டும்.

வூலுக்குப் பிறகு கட்டாயம் ஸ்பொஞ்ச். ரோட்டரி வூல் விட்ட மங்கலும் வில்லுக்கோடும் கறுப்பில பின்னேர வெயிலுக்குத் துலாம்பரமாத் தெரியும். மட்காட்டில வூலும் எம் 105உம் முடிஞ்ச உடன டிஏ, பொலிஷிங் ஸ்பொஞ்ச், எம் 205.

கடைசியா ஒண்டு, இது எல்லாருக்கும்: ஆங்கிள் கிரைண்டரில வூல் மாட்டிப் பொலிஷ் போடுற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கோ. 4 இஞ்சி கிரைண்டர் 11,000 ஆர்பிஎம் அளவில ஓடும். 100 மி.மீ. பேட்டின் விளிம்பு செக்கனுக்கு 57 மீற்றர். பெயின்ற் எரியிறதை விடுங்கோ, அந்த வேகத்துக்குச் செய்யாத பேட் துண்டு துண்டாப் பறக்கும், முகத்துக்கு நேரதான் வரும்.

கடலடி

பேட்டைப் பத்தி அண்ணாமார் வடிவாச் சொல்லிப்போட்டினம். பேட் தொடமுதல் செய்யிறதைப் பத்தியும், பேட்டைத் துப்புரவா வச்சிருக்கிறதைப் பத்தியும் நான் சொல்றன், எங்கட ஊர்ல பாதி வேலை இதிலதான் கெடுது.

திருகோணமலையில கார் எங்க நிண்டாலும் உப்புப் படியும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எண்டா மணலும் சேரும். கழுவி முடிச்ச பிறகு கையை ஒரு மெல்லிய சொப்பிங் பைக்குள்ள விட்டு, பொனட்டைத் தடவிப் பாருங்கோ. வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளால தெளிவாத் தெரியும். தெரிஞ்சா களிமண் பார் (ஒட்டின துகளைப் பிடிச்செடுக்கிற கட்டி) போடாமப் பேட் வைக்கக் கூடாது. வைச்சா அந்தத் துகளைப் பேட் பிடிச்சுக்கொண்டு வட்டம் வட்டமாக் கீறும், நீங்கள் மருந்துதான் பிழை எண்டு நினைப்பீங்கள்.

வெள்ளை வட்டங்களுக்கு முதல்ல பேட் எடுக்காதேங்கோ. வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சமனாக் கலந்து, துணியை நனைச்சு அந்த இடத்தில ஒண்டு ரெண்டு நிமிசம் வையுங்கோ, காயவிடாமக் கழுவுங்கோ. சூடான பொனட்டில வேண்டாம், நிழலில. மேல படிஞ்ச சுண்ணாம்பு எண்டா கரைஞ்சு போயிடும், ஒரு மைக்ரோனும் செலவில்லை. போகாம நிண்டது கிளியர் கோட்டுக்குள்ள அரிச்சது, அதுக்குத்தான் பொலிஷ். கடைசிக் கழுவலைக் குழாய்த் தண்ணியில அல்லது பிடிச்சு வச்ச மழைத் தண்ணியில செய்தா புது வட்டம் வராது.

கச்சான் நேரத்தில காலமை ஆறு மணி தொடக்கம் ஒன்பதரை வரைக்கும்தான் இந்த வேலைக்கு நேரம். அதுக்குப் பிறகு காத்து எழும்பினா மருந்து ரெண்டு சுற்றிலேயே காய்ஞ்சு தூளாப் பறக்கும். காய்ஞ்ச மருந்து வெட்டாது, சுரண்டும். காய்ஞ்சா மேல மேல மருந்து ஊத்தாதேங்கோ, பேட்டுக்கு ஒரு விசிறல் தண்ணி போதும். போர்ட்டிகோவில, முற்றத்தில தண்ணி தெளிச்சு மண்ணை அடக்கிப்போட்டுத் தொடங்குங்கோ. ஆனா வயர் ஓடுற பக்கம் காய்ஞ்சிருக்கோணும், மெசின் ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில இருக்கோணும். எக்ஸ்ரென்சன் வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு, சுருளை முழுக்க அவிழ்த்து விடுங்கோ. மெல்லிய நீள வயரில வோல்டேஜ் விழுந்தா அமத்தின உடன டிஏ சோர்ந்துபோகும், பேட்டில பிழை சொல்லுவீங்கள்.

தகரக் கூரைக்கு கீழயும் கறுப்புப் பொனட் சுடும். புறங்கையை வச்சு ஐஞ்சு எண்ணும் வரைக்கும் வச்சிருக்க ஏலாட்டி அந்தப் பக்கத்தை விட்டுட்டு நிழல் பக்கக் கதவுக்குப் போங்கோ.

நிலத்தில விழுந்த பேட் அண்டைக்கு முடிஞ்சுது. தட்டிட்டு மாட்டக் கூடாது, ஸ்பொஞ்ச் துளைக்குள்ள போன ஒரு மணல் முழுப் பொனட்டையும் கெடுக்கும். கழுவிக் காயவச்ச பிறகுதான்.

ஒவ்வொரு கட்டமும் முடிய நைலோன் பிரஷ்ஷால முகத்தை ஒருக்காத் தேய்ச்சு, துண்டில அமத்தி, பழைய மருந்தையும் வெட்டின பெயின்ற் தூளையும் எடுங்கோ. அந்தத் தூள் பேட்டில சேரச் சேர வெட்டுறது குறையும், சூடு ஏறும், மருந்து உருண்டை உருண்டையாகி நிக்கும். பேட் முழுக்க ஊறி, அமத்தேக்குள்ள கஞ்சி மாதிரிக் கசிஞ்சா பிரஷ்ஷும் உதவாது. புதுப் பேட் மாட்டுங்கோ. உங்கட அளவுக் காருக்கு பொலிஷிங் பேட் ஆறு, பினிஷிங் மூண்டு, 3 இஞ்சி ரெண்டு, மட்காட்டுக்கு வூல் ஒண்டு. நாலு விதமா ஒவ்வொண்டு வாங்கிறதை விட ஒரே விதத்தில ஆறு வாங்கிறது எவ்வளவோ மேல். கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து எடுப்பிக்கிறதெண்டா பெட்டியில நிறம் மட்டும் பார்க்காம, அந்தக் கம்பனி அதுக்கு என்ன தரம் எழுதியிருக்கு எண்டு வாசிச்சு எடுக்கச் சொல்லுங்கோ.

ரெண்டு நாள் வேலை எண்டீங்கள். முதல் நாள் முடிச்ச பக்கத்திலயும் இரவைக்கு உப்பு ஈரம் படியும். ரெண்டாம் நாள் காலமை முழுக் காரையும் திரும்பக் கழுவித் துடைச்சுப்போட்டுத்தான் பேட் வைக்கோணும்.

உப்புவெளிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. சோதனைக் கட்டம் போட்டுப் பார்த்ததில வந்த முடிவுகள்:

விரலால அமத்திப் பார்த்ததில வெள்ளைதான் ஆகக் கடினம், நீலம் நடுத்தரம், மஞ்சள் அதுக்குக் கீழ, கறுப்பு ஆக மெத்தை. தடிப்பு எல்லாம் 30 மி.மீ. வெள்ளையில பசை இழுபட்டுது, ஒதுக்கியாச்சு.

நீலமும் எம் 205உம், நாலரை நம்பர், மூண்டு சுற்று. அற்ககோல் கலவையால துடைச்ச பிறகு சிலந்திவலை பாதிக்கு மேல போயிருக்கு, ஆனா முழுக்க இல்லை. மார்க்கர் கோடு அமத்தின உடன நிண்டு நிண்டு சுத்துது. நீலமும் எம் 105உம் வேற கட்டத்தில போட்டன். கீறல் முழுக்கப் போச்சு, ஆனா லைட்டுக்கு ஒரு புகை மாதிரி மங்கல். வினாகிரிக்கு வட்டங்கள் முக்கால்வாசி கரைஞ்சிட்டுது. மட்காட் தின்னருக்கு அசையேல்லை, டூகே.

மங்கல் பேட்டாலயா மருந்தாலயா? எம் 105ஐ முழுக் காருக்கும் போகலாமா?

கிண்ணியாப் பட்டறை

போகாதீங்க தம்பி. கோடு நிண்டு நிண்டு சுத்துறதுதான் உங்க பதில். 30 மி.மீ. ஸ்பொஞ்ச் மெசின் அசைவைத் தின்னுது, அதால எம் 205 தன் வேலையை முடிக்கல. எம் 105 வெட்டினது அதுக்குக் கடும் துகள் இருக்கிறதால. பேட் ஒழுங்காச் சுத்தாம ஒரே இடத்தில நடுங்கினது அந்த மங்கலை இன்னும் கூட்டியிருக்கு. மென்மையான கறுப்பில எம் 105 எப்படியும் கொஞ்சம் புகை விடும்தான், ஆனா தேவையில்லாம எதுக்கு ரெண்டு மைக்ரோனை இழக்கணும்?

22, 23 மி.மீ. தடிப்பில, ஐந்தரை இஞ்சியில, அதே நடுத்தரக் கடினத்தில ஒரு நல்ல பேட் எடுத்து எம் 205ஐத் திரும்ப ஒருக்கா முயற்சி பண்ணுங்க. சுற்றை நாலாக்குங்க. எம் 205இன் துகள் வேலை செய்யச் செய்ய உடைஞ்சு பொடியாகுற ஜாதி இல்ல, மருந்து ஈரமா இருக்கிற வரைக்கும் ஒரே மாதிரி வெட்டிக்கொண்டே இருக்கும், அதால ஒரு சுற்றுக் கூடினாப் பாதகமில்ல. மென்சேர்னா கம்பனி மாதிரி மருந்து எண்டா வேற கதை, அது துகள் உடைஞ்சு பொடியாகி முடியிற வரைக்கும் ஓட்டியே ஆகணும், பாதியில விட்டா மங்கல்தான் மிஞ்சும்.

நாலு சுற்றுக்கும் போகாத கீறல் ரெண்டு மூண்டு நிண்டா நிக்கட்டும். நகம் தடக்குற அந்தக் கதவுக் கீறலும் அப்படித்தான். அதை அடியோட எடுக்கப்போனா சுத்தி உள்ள கிளியர் கோட்டை அந்த ஆழத்துக்கு இறக்கணும், அதுக்கு உங்களிட்ட மைக்ரோன் இல்ல. விளிம்பு மட்டும் மழுங்கினாலே தூரத்துக்குத் தெரியாது.

பினிஷிங்குக்கு அந்தக் கறுப்பு மெத்தைப் பேட் தடிப்பா இருந்தாலும் பாவிக்கலாம், பசை நல்லா இருந்தா. எம் 205 ரெண்டே பொட்டு, 3ஆம் நம்பர், மெசின் பாரம் மட்டும், ரெண்டு சுற்று. துடைக்கிற துணி புது மைக்ரோஃபைபரா இருக்கட்டும், ஓரத் தையலை வெட்டி எடுத்துடுங்க. இந்தப் பெயின்ற்றில அந்தத் தையலே கோடு போடும்.

அலஸ்தோட்டம் டிங்கரிங்

மட்காட் டூகே எண்டா வழி சுகம். முதல்ல அதே புது ஸ்பொஞ்சும் எம் 105உம் டிஏயில போட்டுப் பாருங்கோ, அதுக்கே சரிவந்தா வூல் வாங்கிற காசு மிச்சம். சரிவராட்டி 6 இஞ்சி வூல், 1000 ஆர்பிஎம், ரெண்டு சுற்று மட்டும். 240 இருக்குதெண்டு கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் வேண்டாம். அந்த 240இல பழைய கம்பனிப் பெயின்ற்றும் பிரைமரும் அடியில இருக்கு, மேல இருக்கிற கிளியர் எவ்வளவு எண்டு மீற்றர் சொல்லாது.

சரிபார்க்கிறது நாலரை, ஐந்து மணிக்கு, காரை வெளிய எடுத்து, மட்காட்டைச் சூரியனுக்குப் பக்கவாட்டில வச்சு. நீங்கள் நடக்க நடக்க வில்லு மாதிரி ஒரு ஒளி கூடவே நகர்ந்தா வூல் கோடு இன்னும் போகேல்லை, பொலிஷிங் ஸ்பொஞ்சால இன்னொரு சுற்று.

கடலடி

பேட் கழுவுறதை முந்திச் சொல்ல மறந்திட்டன். வேலை முடிஞ்ச அண்டைக்கே கழுவோணும், காய்ஞ்ச மருந்து ஸ்பொஞ்சுக்குள்ள கல்லாயிடும். இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு துளி, ரெண்டு உள்ளங்கைக்கும் இடையில அமத்தி அமத்தி எடுக்கிறது, முறுக்கிப் பிழியக் கூடாது. பிறகு மெசினில மாட்டி, வெறும் வாளிக்குள்ள வாயைக் குனிச்சுப் பிடிச்சு 1ஆம் நம்பரில ஒரு நிமிசம் ஓடவிட்டா தண்ணி தெறிச்சுப் போயிடும். விளிம்பில நிமிர்த்தி வச்சு நிழலில காயவிடுங்கோ. வெயிலில போட்டா ஸ்பொஞ்ச் பொருக்காகும், பசையும் விடும். உள்ள ஈரம் இருக்கிற பேட்டைப் பாவிச்சா மருந்து நீர்த்துப் போகும், சூட்டில ஸ்பொஞ்ச் கிழியும்.

வெல்குரோப் பக்கத்தில மார்க்கரால 105, 205 எண்டு எழுதி வையுங்கோ. 105 ஏறின பேட்டை எவ்வளவு கழுவினாலும் 205க்கு எடுக்கிறேல்லை. காய்ஞ்ச பிறகு ஒவ்வொண்டையும் தனித்தனிப் பொலித்தீன் பையில, காத்துப் போகாமக் கட்டி, மண் போகாத அலுமாரிக்குள்ள வையுங்கோ.